சந்தனப் பொட்டுக்கு அடியில் எரிந்த விளக்கு

குமரா,

இதைப் போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை எடுத்தேன், மூன்று தடவையும் வைத்துவிட்டேன். போனில் நீ ‘உம், உம்’ என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பாய். பெற்றவளுக்கு அந்த ‘உம்’ தெரியாதா? அதனால்தான் எழுதுகிறேன். கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது என்று கிண்டல் பண்ணாதே. இருபத்திரண்டு வருடம் கீபோர்டைத் தட்டிய விரலுக்குப் பேனா பிடிப்பது மறந்துவிட்டது. நடுவில் எழுந்து போகாமல் ஒரே மூச்சில் படி. பாதியில் என்மேல் கோபம் வரும். வரட்டும், அந்தக் கோபத்தோடேயே கடைசிவரை படி.

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூர் வேலை உறுதியாகிவிட்டது என்று சொன்னாய். ஃபேக்டரியின் கம்ப்யூட்டர் பொறுப்பு மொத்தமும் உன் கையில் என்றாய். நான் நின்ற இடத்திலிருந்தே குன்றத்தூர் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். பிறகு நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: “அங்க ஒரு பழைய சர்வர் இருக்கும்மா. அதுல ஓடற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு சப்போர்ட் முடிஞ்சே பல வருஷம் ஆச்சு. எனக்கு முன்னாடி இருந்தவர் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிட்டுப் போனார். ஓடுது, தொடாதேன்னு. அப்படியே உன் டயலாக்.” நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்தேன். சாம்பார் அடிபிடித்து வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன். ‘ஓடுது, தொடாதே’ என்று உன் முன்னால் எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தை எப்படி என் வாயில் வந்து உட்கார்ந்தது என்று மட்டும் சொன்னதில்லை. அதைச் சொல்லாமல் உன்னை ஓசூர் பஸ் ஏற்றிவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இப்போதே வருவது குறைவுதான்.

ஒரகடத்தில் நான் டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்தவள். சர்வர் அறைச் சாவியை வைத்திருந்தவர் வேலையை விட்டுப் போனபோது, “இந்த மேடம் ஒழுங்கா வேலைக்கு வராங்க, இவங்ககிட்ட குடுங்க” என்று சாவியை என் கையில் கொடுத்தார்கள். நான் படித்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கேட்டுக் கேட்டு, தப்புப் பண்ணிப் பண்ணிக் கற்றுக்கொண்டேன். எங்கள் கம்பெனி வண்டிகளுக்கு பிரேக் லிவர் செய்து தருகிறது. ஒரே ஓட்டத்தில் செய்த குவியலுக்கு லாட் என்று பெயர்; லைனிலிருந்து வருகிற ஒவ்வொரு லாட்டின் அளவும் அந்த சர்வரில் ஏறும். எல்லாம் சரியாக இருந்தால் ஷிப்ட் முடிவில் ஒரு ஸ்லிப் அடித்துத் தரும். ஸ்லிப் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது. ஒரு லாட் சரியில்லை என்றால் இன்ஸ்பெக்டர் சிஸ்டத்தில் ‘ஹோல்டு’ போடுவார். அதை எடுக்கிறவரை அந்த லாட் இருந்த இடத்தில்தான் இருக்கும்.

அந்த இன்ஸ்பெக்டர் பெயர் ஏழுமலை. மணிமங்கலத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அளவு எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். எடுத்து முடித்ததும் விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். சாஃப்ட்வேர் போட வந்த பையன், உள்ளே நுழைய ஒரு லாகின் வேண்டுமே என்று, பக்கத்தில் நின்றவரின் பெயரைக் கேட்டு அதையே போட்டுவிட்டான். மொத்த புரோகிராமும் அந்தப் பெயரில்தான் எழுந்து ஓடும். மாற்றினால் படுத்துவிடும். யார் அளவெடுத்தாலும் ஸ்லிப்பின் அடியில் ‘ஏழுமலை’ என்றுதான் அச்சாகும். “நான் லீவு போட்டாகூட எம்பேரு ட்யூட்டி பாத்துக்கினு கீது மேடம், ஓ.டி. யாரு குடுப்பாங்க?” என்று கேட்பார்.

அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைச் செய்தவர்கள் இனி அதற்கு எந்தப் பழுதும் பார்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நம் சாஃப்ட்வேர் எழுதியவர்கள் கடையையே மூடிவிட்டார்கள். அளவெடுக்கும் மிஷினை சர்வரோடு இணைக்கிற கார்டு அந்தப் பழைய பெட்டியைத் தவிர வேறெதிலும் உட்காராது. புதிதாக மாற்ற வேண்டும் என்று நானும் வருடா வருடம் எழுதிக் கொடுத்தேன். வருடா வருடம் அடுத்த வருடம் என்றார்கள். வைரஸ் வந்துவிடப் போகிறது என்று நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். ஏ.சி. ஒழுகினால் பெட்டிக்கு மேல் குடை பிடித்து வைப்பேன். அம்மை போட்ட பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டேன். எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

நீ பத்தாம் வகுப்பு படித்த வருடம், ஆயுத பூஜை. நம் ஏரியாவில் ஆயுத பூஜை எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரஸ், லேத், கன்வேயர் எல்லாவற்றையும் நிறுத்தி, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை கொடுத்து, ஒரு நாள் ஓய்வு விடுவோம். சர்வரை மட்டும் நிறுத்த மாட்டோம். நிறுத்தினால் மறுபடி எழுந்திருக்குமோ என்னவோ என்று பயம். ஓடுகிற பெட்டிக்கே கற்பூரம் காட்டுவோம். அந்த வருடம் ஏழுமலை கட்டைவிரலில் சந்தனத்தை நன்றாகக் குழைத்து எடுத்து, பெட்டியின் முகத்தில் அழுத்தி வைத்து, மேலே குங்குமம் வைத்தார். வைத்த இடம், அந்தச் சின்ன விளக்கு இருந்த இடம். நீ படித்தவன், உனக்குத் தெரியும். பெட்டிக்குள் இரண்டு டிஸ்க், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும், ஒன்று செத்தால் மற்றது தாங்கும். செத்தால் அந்தப் பச்சை விளக்கு ஆரஞ்சாக மாறும். நமக்குத் தெரிவதற்கு அது ஒன்றுதான் வழி.

மறுநாள் காலையில் துணியோடு போனேன். பொட்டு விளக்கின் மேல் இருக்கிறது என்பதை என் கண் பார்த்தது, குமரா. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. துணியைக் கிட்டே கொண்டுபோனேன், கை போகவில்லை. உன் அப்பா போய் அப்போது இரண்டு வருடம். பதினாறாம் நாள் உன் பெரியத்தை என் நெற்றியில் கை வைத்துத் துடைத்தாளே, அந்தக் கட்டைவிரலின் சொரசொரப்பு என் தோலில் அப்படியே இருந்தது. வைத்த பொட்டை நான் துடைப்பதா என்று நினைத்தேன். அதுவும் பூஜை போட்ட பொட்டை. தானாக உதிரட்டும் என்று விட்டுவிட்டேன். அது உதிரவில்லை. நல்ல சந்தனம்.

அந்த மழைக்காலத்தைப் பற்றி உனக்குத் தெரியும். செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு நீயும் நானும் மாடியில் போய் நின்றோம். கம்பெனிக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் கரன்ட் போவதும் வருவதும், ஜெனரேட்டர் எடுப்பதும் நிற்பதுமாக நாலு நாள். மூன்றாம் நாள் நான் ஒரு லாரியில் ஏறிப் போய்ப் பார்த்தேன். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, திரை நன்றாக இருந்தது. சர்வரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தேன். பொட்டுக்கு அடியில் விளக்கு ஆரஞ்சாக எரிந்துகொண்டிருந்திருக்கிறது. ஒரு டிஸ்க் செத்துப்போய், மிச்சம் ஒன்றில்தான் எல்லாம் ஓடியது. அதே நாட்களில் பேக்கப் எடுப்பதும் நின்றுபோயிருக்கிறது. நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெளி டிஸ்க்கை மாற்றி, தேதி எழுதி ஒட்டி, பீரோவில் பூட்டினேன். என் நல்ல கையெழுத்தில் எழுதி ஒட்டிய டிஸ்க் எல்லாம் காலி. ஒன்றையாவது திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பொங்கல் முடிந்து ஒரு புதன்கிழமை காலையில் ஏழுமலை சர்வர் அறைக்கு வந்தார். “மேடம், இந்த லாட்டுல ஓட்டை பெரிசா கீது. முடி அளவுதான், ஆனா பிரேக்காச்சே. ஹோல்டு போட்டுட்டேன், பாருங்க” என்றார். திரையில் பார்த்தேன். லாட் நம்பர், நேரம், ஹோல்டு, எல்லாம் இருந்தது. “ஒரு பிரிண்ட் குடுங்க, கையில வெச்சிக்கிறேன். டிஸ்பேட்சுல இன்னா பேசுவாங்கன்னு தெரியாது” என்றார். பிரிண்டரில் பேப்பர் சிக்கியிருந்தது. உன் ஸ்கூலில் பெற்றோர் மீட்டிங், பத்தரை மணிக்கு பர்மிஷன் போட்டிருந்தேன். கைப்பை ஏற்கெனவே தோளில் இருந்தது. “நாளைக்குத் தரேன் ஏழுமலை” என்றேன். “செரி மேடம்” என்று போய்விட்டார்.

மறுநாள் காலை நான் போனபோது திரை கறுப்பு. இரண்டாவது டிஸ்க்கும் போய்விட்டது. சரிபண்ண வந்தவர் பெட்டி முன்னால் குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலால் அந்தப் பொட்டைச் சுரண்டினார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை, சுரண்டிவிட்டார். உள்ளே ஆரஞ்சு. “இது எப்பத்திலேருந்து எரியுது மேடம்?” என்று கேட்டார். பீரோவில் இருந்த பேக்கப் டிஸ்க்கையெல்லாம் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வெள்ளத்துக்கு முன்னால் எடுத்த பேக்கப் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. அதை வைத்துத் தூக்கி நிறுத்தினோம். ஏழு வாரத்துக் கணக்கு போயேபோய்விட்டது. மேலதிகாரிகளுக்குக் கொடுத்த காகிதத்தில் ‘வெள்ளப் பாதிப்பு’ என்று மட்டும் எழுதினேன், எத்தனை வாரக் கணக்கு போனது என்று எழுதவில்லை. அந்த வருடம் எல்லோருக்கும் வெள்ளத்தில் ஏதோ ஒன்று போயிருந்தது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கடைசியாகச் செத்த அந்த இரண்டாவது டிஸ்க்கைக் குப்பையில் போடச் சொன்னார்கள். நான் அதை டிபன் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஏன் கொண்டுவந்தேன் என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஏழு வாரத்தோடு ஏழுமலை போட்ட ஹோல்டும் போய்விட்டது. எழுந்த சிஸ்டத்துக்கு அந்த லாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது எழும்வரை இரண்டு மூன்று நாள் கையால் எழுதிய ஸ்லிப்பில் லாரி போனது, அதில் அந்த லாட்டும் செகண்ட் ஷிப்டில் ஏறிப் போய்விட்டது. வேண்டுமென்று யாரும் அனுப்பவில்லை. இரண்டு மாதம் கழித்து வாங்கினவர்கள் அத்தனையையும் திருப்பி அனுப்பி, யார் பாஸ் பண்ணியது என்று கேட்டார்கள். அந்த லாட்டை அளவெடுத்தவர் என்று ஏழுமலைமேல் விசாரணை வைத்தார்கள். ஏழுமலை நின்றுகொண்டிருந்தார், எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். “நான் ஹோல்டு போட்டேன் சார். சிஸ்டத்துல ஏத்திக்கீறேன். மேடம் பாத்தாங்க, கேளுங்க” என்றார். விசாரித்தவர் என் பக்கம் திரும்பி, “சிஸ்டத்துல இருக்கா மேடம்?” என்று கேட்டார். நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. சிஸ்டத்தில் இருக்கிறதா என்றுதான் கேட்டார்.

“சிஸ்டத்துல இல்ல சார்” என்றேன்.

பொய் இல்லை, பார். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஏழுமலை என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. அடுத்து நான் இன்னொரு வார்த்தை சொல்லுவேன் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன் என்று சொன்னால், பிறகு அது எங்கே போனது என்று கேட்பார்கள், ஆரஞ்சு விளக்கு வரும், காலி டிஸ்க் வரும், வெள்ளம் என்று எழுதிய காகிதம் வரும். எனக்கு வேலை போகும். உனக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அப்பா இல்லாத வீட்டில் நான்தான் எல்லாம் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை நான் உன் தலையில் கட்டவில்லை, குமரா. உன்னைச் சாக்காக வைத்தேன், அவ்வளவுதான். வாயைத் திறக்காதது நான்.

அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கெட்ட பிரேக்கைப் பாஸ் பண்ணியவர் என்ற பெயரோடு வேறு எந்த பிளான்ட் கேட்டிலும் நுழைய முடியவில்லை. ஒரகடம் கூட்ரோடில் ஷேர் ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தார். ஒரு நாள் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டுக் கூட்ரோடில் நின்றேன், அவர் ஆட்டோதான் வந்து நின்றது. ஏறாமல் எப்படி இருப்பது? ஏறினேன். கண்ணாடியில் பார்த்து, “இன்னாக்கா, அந்தப் பொட்டி நல்லா கீதா?” என்றார். கேட்டுக்குள் இருந்தவரை மேடம், வெளியே அக்கா. “ம், ஓடுது” என்றேன். அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் அதே கேள்விதான். டீக்கடையில், பேங்க் வாசலில், ஒரு தடவை கல்யாண மண்டபத்தில் பந்தியில் எதிரே உட்கார்ந்துகொண்டு. “பொட்டி நல்லா கீதாக்கா?” குத்திக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கூட்ரோடு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன். பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று விடியற்காலையில் நான் உன்னை அதட்டி எழுப்பி டிபன் கட்டுவேனே, அதற்குக் காரணம் இதுதான்.

அவர் போனாலும் அவர் பெயர் போகவில்லை. லாகினை மாற்றினால் புரோகிராம் படுத்துவிடும் அல்லவா. தினம் மூன்று ஷிப்டுக்கும் ஸ்லிப்பின் அடியில் ‘ஏழுமலை’. புதிதாக வந்த பிள்ளைகள், “ஏழுமலைண்ணன் இன்னிக்கும் கரெக்டா வந்துட்டாருப்பா” என்று சிரிப்பார்கள். நான் ஸ்லிப்பைக் கவிழ்த்து வைப்பேன். மதியம் சர்வர் அறையில் தனியாக இருக்கும்போது, அந்த ஃபேன் சத்தத்துக்குள் யாரோ மூச்சைப் பிடித்து விடுவதுபோலக் கேட்கும். திரும்பிப் பார்ப்பேன். ஒருவரும் இருக்க மாட்டார்கள். சர்வரை மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுப்பதை அந்த வருடத்தோடு நிறுத்திக்கொண்டேன். மாற்ற வருகிறவன் பழைய கணக்கை ஒவ்வொன்றாகப் புரட்டுவான், ஏழு வார ஓட்டையைப் பார்ப்பான், ஏன் என்று கேட்பான். யாராவது புது மிஷின் பேச்சை எடுத்தால் நானே முதலில் குறுக்கே விழுந்து சொல்வேன்: ஓடுது, தொடாதே. கெட்டிக்காரி என்றார்கள். பயந்தாங்கொள்ளி என்று எனக்குத் தெரியும். நீ பெருமையாக எடுத்துப் போகிற வார்த்தை இப்படி வந்ததுதான்.

நம் பீரோவில் உன் சர்டிபிகேட் ஃபைலுக்கு அடியில் ஒரு மஞ்சள் பை இருக்குமே. காலேஜ் சேரும்போது நீ அதை எடுத்து, “இது என்னம்மா, கனமா இருக்கு?” என்றாய். “உங்கப்பா வெச்சிருந்த ரேடியோ சாமான்” என்றேன். நீ அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வைத்தாய். குமரா, அது உன் அப்பாவுடையது இல்லை. அது அந்த டிஸ்க். அன்றைக்கு உன்னைப் பார்த்தபோதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நீ ஊருக்கு வந்து அந்த பீரோவைத் திறக்கும்போதெல்லாம் நான் வேறு அறைக்குப் போய்விடுவேன்.

போன வருடம் மழைக்கு முன்னால் ஏழுமலை இறந்துபோனார். நெஞ்சுவலி. கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். அன்று மாலை ஷிப்ட் ஸ்லிப் அவர் பெயரோடு என் மேஜைக்கு வந்தது. நான் சாவுக்குப் போகவில்லை. இருந்தவரையிலும் எதிரில் நிற்கத் தைரியமில்லை, போன பிறகு எந்த முகத்தோடு போவது?

இந்த வருடம் வாங்குகிறவர்கள் ஆடிட்டுக்கு வந்து, இந்தப் பழைய சிஸ்டத்தை வைத்திருந்தால் ஆர்டர் இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நான் ரிட்டயர் ஆவதற்குள் மாற்ற வேண்டும் என்று ஏற்பாடானது. நிவேதா என்று ஒரு பெண் வந்தாள், உன் வயசுதான். இத்தனை வருடம் முடியாது முடியாது என்று சொன்னதை அவள் வேறு கார்டு, வேறு புரோகிராம் என்று மூன்றே வாரத்தில் ஓட்டிக் காட்டினாள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு ஸ்லிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். எல்லாம் ஒத்துப்போனது. புதியதில் பெயர் இருந்த இடத்தில் ஒரு நம்பர் மட்டும் இருந்தது. “மேடம், இந்த ஏழுமலைங்கிற யூசர் யாரு? இன்னும் ஆக்டிவா இருக்காரே. எடுத்துடலாமா? நீங்க கையெழுத்துப் போடணும்” என்று கேட்டாள்.

போட முடியவில்லை. நம்ப மாட்டாய், பேனாவைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மறுநாள் மஞ்சள் பையோடு போய் அவள் கையில் கொடுத்தேன். ஒரு வாரம் வைத்திருந்து அதிலிருந்த கணக்கில் முக்கால்வாசியை எடுத்துவிட்டாள். “இது அவ்ளோ மோசமாப் போகல மேடம். அப்பவே குடுத்திருந்தா முழுசாவே எடுத்திருக்கலாம்” என்றாள், சாதாரணமாக. எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. ஏழுமலை போட்ட ஹோல்டு அதில் இருந்தது. லாட் நம்பர், புதன்கிழமை, பத்து மணி எட்டு நிமிடம். அவர் கேட்ட பிரிண்டை எடுத்தேன். இந்தத் தடவை பேப்பர் சிக்கவில்லை.

அதை எடுத்துக்கொண்டு மணிமங்கலம் போனேன். அவர் மனைவி செல்வி கதவைத் திறந்தாள். யார் என்று சொன்னதும் உள்ளே வரச் சொன்னாள். சுவரில் அவர் படம், மாலை போட்டு. நான் ஆரஞ்சு விளக்கிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. காகிதத்தை நீட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

“இத இன்னாத்துக்கு எங்கிட்ட எடுத்தாந்தீங்க?” என்றாள்.

“உங்களுக்குத் தெரியணும்னு.”

“எங்களுக்குத் தெரியாதா? அவரு பொய் சொன்னாருன்னு இந்த வூட்டுல ஒருத்தரும் நெனச்சதில்ல. அவரு பேரு கெட்டது அங்கதான? அங்க போய் குடுங்க.” காகிதத்தை மடித்து என் கையில் வைத்தாள். எழுந்து போய்ப் படத்தில் இருந்த மாலையைச் சரிசெய்தாள். பிறகு, “உங்கள ஒரு வார்த்த தப்பா சொல்ல மாட்டாரு. நாந்தான் கத்துவேன். மேடம் பாவம், புள்ளைய வெச்சிக்கினு கீறாங்க, நாளைக்குக் குடுக்கறேன்னு சொல்லிக்கீறாங்க, குடுப்பாங்கம்பாரு. கடைசி வரைக்கும் அதான் சொன்னாரு” என்றாள்.

குமரா, அவர் குத்திக் காட்டவில்லை. பொட்டி நல்லா கீதா என்று கேட்டதெல்லாம், தான் கேட்ட பிரிண்ட் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டது. பத்து வருடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நான் ஓடுது ஓடுது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கிறேன். செல்வி வாசல் வரை வந்தாள். “அங்க குடுத்துட்டு வாங்கக்கா. அப்புறமா வாங்க, காபி போடறேன்” என்றாள். அவள் வீட்டில் அன்றைக்கு எனக்குத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. நியாயம்தான்.

மறுநாள் எல்லாவற்றையும் நான்கு பக்கத்துக்கு எழுதி பிளான்ட் ஹெட்டிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “ஆளே இல்ல, இப்ப எதுக்கு மேடம் இது? ரிட்டயர் ஆகப் போறீங்க. நல்லபடியா போய்க்கிட்டிருக்கு. இதத் தொடாதீங்க” என்றார். என் வார்த்தையையே எனக்குத் திருப்பிக் கொடுத்தார், பாவம், அவருக்கு அது தெரியாது. ஏழுமலை பெயரை எடுக்கிற ஃபாரத்தில் என் கையெழுத்து வேண்டும், கம்பெனி அவர் வீட்டுக்கு ஒரு கடிதம் கொடுத்தால்தான் போடுவேன் என்றேன். மாற்ற வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. பத்து நாள் இழுத்தார்கள். மிரட்டினார்கள், கெஞ்சினார்கள். கடைசியில் ஒரு பக்கக் கடிதம் வந்தது. அவர் ஹோல்டு போட்டது உண்மை, பதிவு போனது கம்பெனியின் தவறு, அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று. கம்பெனியின் தவறு என்ற இடத்தில் என் பெயரையும் போடச் சொன்னேன். போட்டார்கள். எனக்கு ஒரு மெமோவும் கொடுத்தார்கள். வழியனுப்பு விழா, மாலை, குரூப் போட்டோ எதுவும் கிடையாது. புடவை எடுத்துத் தருகிறேன் என்று சொன்னாயே, எடுக்காதே.

நேற்று, என் கடைசி வேலை நாளில், பழைய சர்வரை நிறுத்தினோம். கடைசி ஸ்லிப் அவர் பெயரோடு வந்தது, அதை எடுத்து வைத்துக்கொண்டேன். ஃபேன் சத்தம் மெல்ல மெல்ல இறங்கி நின்றது. இத்தனை வருடத்தில் அந்த அறை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பெட்டியில் போன ஆயுத பூஜைப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. என் கட்டைவிரலால் நானே துடைத்தேன். இந்தத் தடவை கை போனது. அந்த மூச்சுச் சத்தம் நின்றுவிட்டதா என்று கேட்பாய். இல்லை. நேற்று வீட்டில் பீரோவுக்குப் பக்கத்தில் கேட்டது. அது என்னோடேயே இருக்கட்டும்.

ஓசூரில் முதல் நாள் நீ சீட்டில் உட்காருவதற்கு முன்னால் அந்தப் பழைய பெட்டி இருக்கிற இடத்துக்குப் போ. விளக்கின் மேல் பொட்டோ ஸ்டிக்கரோ தூசியோ எது இருந்தாலும் துடை. சாமி கோபித்துக்கொள்ளாது. பேக்கப் டிஸ்க்கில் எழுதியிருக்கும் தேதியை நம்பாதே, ஒன்றை எடுத்து வேறு மிஷினில் திறந்து பார். அந்தப் பெட்டியை மாற்றச் சொல்லி எழுதிக் கொடு, மாற்றும்வரை விடாமல் எழுதிக் கொடு. உனக்கு முன்னால் இருந்தவர் தொடாதே என்று சொன்னாரே, எதற்குப் பயந்து சொன்னார் என்று அவரையே போய்க் கேள். உன்னிடம் யாராவது ஒரு பிரிண்ட் கேட்டால், கையில் பை இருந்தாலும், வீட்டில் நானே செத்துக் கிடந்தாலும், கொடுத்துவிட்டுக் கிளம்பு.

இதை மடித்து கவரில் போட்டுவிட்டு நான் மணிமங்கலம் கிளம்புகிறேன். அவர் கேட்ட பிரிண்ட், கம்பெனிக் கடிதம், கடைசி ஸ்லிப், மூன்றையும் அந்த மஞ்சள் பையிலேயே வைத்திருக்கிறேன். கம்பெனி பஸ் இல்லை எனக்கு இனிமேல். கூட்ரோடில் நின்று ஷேர் ஆட்டோதான் பிடிக்க வேண்டும். செல்வி காபி போடுவாளா என்று தெரியவில்லை. போடாவிட்டாலும், போகச் சொல்கிறவரை அங்கே உட்கார்ந்திருப்பேன்.

அம்மா